பாடு இல்லை

எனக்கு முன்கோபம் உண்டு. அதோடு, எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்ற மிதப்பும் உண்டு. முன்கோபத்தால் அவதிப்படுகிறவர்கள் என் வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான். மிதப்பால் அவதிப்பட்டது ஒரு தீவு நாடு. அதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் பரமக்குடிக்காரி. கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். துறைத்தலைவரோடு ஒத்துப்போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ராமநாதபுரத்தில் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை, அதன் மாடியில் ஓர் அறை, அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் நான். மற்றதில் கீழக்கரைக்காரர் ஒருவர். வளைகுடாவில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் பல வருடம் எழுத்தராக இருந்து ஊர் திரும்பியவர். அட்டவணை போடுவதில் புலி. அவரை நான் பாய் என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் எழுந்து போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டு வந்து உட்காருவார், வேறொன்றும் சொல்ல மாட்டார்.

எங்களுக்கு அந்தத் தீவு நாடு வந்து சேர்ந்த விதம் இது. சென்னையில் நடந்த ஒரு பயிற்சியில் என் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். கடலுக்கு நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு நாடு ஒன்றின் பருவநிலைத் துறை அலுவலர். துறை என்றால் அவர்தான் துறை. அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். உலக நாடுகள் கூடிப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிற இடத்துக்கு அவர் நாட்டிலிருந்து போவது இரண்டே பேர். அங்கே ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். பணக்கார நாடுகள் அறைக்கு அறை ஆள் அனுப்பும், பின்வரிசையில் படித்துச் சொல்லவும் ஆள் வைத்திருக்கும். இவர் ஓர் அறையில் இருக்கும்போது அடுத்த அறையில் இவர் நாட்டைப் பற்றியே ஏதாவது முடிவாகிக்கொண்டிருக்கும். “காகிதம் மலைபோல் வருகிறது. பேசுவதா, படிப்பதா?” என்று தேநீர் இடைவேளையில் கேட்டார். “எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்குத் தீவம்மா.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஜூன் மாதக் கூட்டம் ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் நடக்கும். நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முந்தி. தீவம்மா எழுந்து பல் விளக்குவதற்குள் நான் இங்கே குளித்து, இட்லி தின்று, பஸ் பிடித்து, மாடி ஏறி, அவருடைய காகிதங்களைப் படித்து முடித்திருப்பேன். முதல்நாள் வரைவையும் புது வரைவையும் கீழே அச்செடுத்து மேசையில் அருகருகே வைப்பேன். ஓர் அடி ஸ்கேலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வருவேன். எங்கே ஒரு சொல் காணாமல் போயிருக்கிறதோ அங்கே சிவப்பு மை. கம்ப்யூட்டரே ஒப்பிட்டுக் காட்டிவிடுமே என்று பாய் சொல்லிப் பார்த்தார். காட்டும்தான். ஆனால் அதற்குக் கோபம் வராது. எனக்கு வரும், கோபம் வந்த இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

அந்தக் காகிதங்களின் ஆங்கிலத்தை நான் நம்புவதே இல்லை. அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். ‘செய்ய வேண்டும்’ என்பது மேல்படி. ‘செய்வது நல்லது’ அதற்கு அடுத்தபடி. ‘செய்யுமாறு அழைக்கிறது’ இன்னும் கீழே. ‘கவனத்தில் கொள்கிறது’ என்று வந்தால், கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று அகராதி புரட்டுவேன். சந்தேகம் தீரவில்லை என்றால் பாயைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவேன். அகராதி பார்க்காமல் நான் எழுதிய மொழி ஒன்றுதான், அது தமிழ்.

அந்த ஆண்டு கூட்டத்தில் தீவம்மாவுக்கு ஒரே ஒரு பத்திதான் முக்கியம். கடல் மெல்ல மெல்லச் சூடாவதால் வாழ்க்கை கெட்டுப்போகிறவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் அதில் இருந்தது. பட்டியலில் ‘சிறு படகு மீனவர்கள்’ என்ற மூன்று சொற்கள். அவை சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தன. அந்த உலகத்தில் அடைப்புக்குறி என்றால், இன்னும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். எதிர்த்தரப்பு நாடுகள் அவற்றை எடுத்துவிடலாம் என்றன. பவளப்பாறை, பாசி, கரையோர விவசாயம் என்று பட்டியல் ஏற்கெனவே நீளமாக இருக்கிறதாம். பின்னால் உதவி என்று ஏதாவது வந்தால் பட்டியலில் இல்லாதவர்களுக்குக் கதவு திறக்காது. தீவம்மாவின் நாட்டில் சிறு படகு இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மூன்று சொற்களையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

“கையில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? நாளை மறுநாள் கடைசி வாசிப்பு” என்று செய்தி அனுப்பினார்.

இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நானும் பாயும் பாம்பனிலும் மண்டபத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய கணக்கெடுப்பு. கடல் வழக்கத்துக்கு மேல் சூடாக இருந்த மாதங்களில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் கேள்வி. ‘பாதிப்பு’, ‘வாழ்வாதாரம்’ என்றெல்லாம் படிவத் தமிழில் கேட்டால் ஜனங்கள் விறைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வீட்டில் பேசுகிற மாதிரி, “அந்த மாசங்கள்ல உங்க பாடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்து எனக்குப் பெருமைகூட உண்டு.

பாசி எடுக்கிற பெண்கள் மடை திறந்தது போலப் பேசினார்கள். பெரும்பாடு என்றார்கள். தண்ணீருக்குள் முங்கினால் உடம்பு எரிகிறது, பாறையில் பாசியே பிடிக்கவில்லை, கையெல்லாம் புண் என்று ஒவ்வொருத்தரும் அரை மணி நேரம். வள்ளம் என்கிற சிறு படகு வைத்திருக்கிற வீடுகளில் வேறு மாதிரி. கேட்டதும், “பாடு இல்ல” என்பார்கள். சிலர், “பாடே இல்ல டீச்சரம்மா.” அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்தேன். எண்களைப் பாய் அட்டவணையில் ஏற்றினார். சொற்களை நான் மொழிபெயர்த்தேன். பாய் உதவிக்கு வந்தார். “தமிழ்தானே, அத நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

பரமக்குடியில் ‘ஒரு பாடும் இல்லை’ என்றால் ஒரு கஷ்டமும் இல்லை. ஆகவே வரிசை வரிசையாக, ‘துன்பம் இல்லை’, ‘துன்பம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆச்சரியம் வந்தபோது சந்தேகமும் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ உற்சாகம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அதற்கு விளக்கம் வேறு எழுதினேன். படகு என்ற சொத்து கையில் இருப்பதால் இக்குடும்பங்கள் மாற்றத்தைத் தாங்கிக்கொள்கின்றன, பாசிப் பெண்களைப்போல் இவர்கள் நொடிந்துவிடவில்லை என்று ஒரு முழுப் பத்தி. படிக்கப் படிக்க எனக்கே நன்றாக இருந்தது.

அந்த அட்டவணையையும் அந்தப் பத்தியையும் தீவம்மாவின் செய்தி வந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு அனுப்பினேன். ஒன்றரை மணிவாக்கில் பதில் வந்தது.

“படித்தேன். சிறு படகுக் குடும்பங்கள் துன்பம் இல்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். என் நாட்டில் அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நினைப்பு ஆதாரம் ஆகாது. இல்லாததை இருக்கிறதென்று சண்டை போட எனக்கு மனமில்லை. எங்கள் நாடு இந்த மூன்று சொற்களை இனி வலியுறுத்தாது என்று அறையில் சொல்லிவிட்டேன். நன்றி.”

எவ்வளவு நேர்மையான மனுஷி என்று பாயிடம் கடைசி வரிகளை மட்டும் வாசித்துக் காட்டினேன். பாய் தலையை ஆட்டினார். அவருக்கும் அந்தச் சொற்கள் போனதில் வருத்தம்தான். வேலை முடிந்தது என்று நான் பையை எடுத்துக்கொண்டு பாம்பனுக்குக் கிளம்பினேன்.

பாம்பனில் ஓர் அக்கா. கணக்கெடுப்பின்போது எங்களை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனவர். அவர் வீட்டுக்காரர் வள்ளத்தில் போகிறவர், அக்கா மீனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். மகளுடைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார். கீழே கடையில் அது தயாராகி ஒரு வாரமாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த கட்டுரைக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பாம்பனில் இறங்கியபோது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. அக்கா எதிரே வந்துகொண்டிருந்தார், இடுப்பில் அலுமினிய அன்னக்கூடை. படத்தைக் கொடுத்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“நண்டு ஏதும் இருக்காக்கா? ராத்திரிக் குழம்புக்கு வேணும்” என்றேன்.

கூடையைச் சாய்த்துக் காட்டினார். அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கிடந்தது.

“இன்னைக்குப் பாடு இல்ல டீச்சரம்மா.”

நான் சிரித்துக்கொண்டே, “பாடு இல்லன்னா நல்லதுதானக்கா” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாடு இல்லாததுல என்ன நல்லது? என்ன பேசுறீக? பாடு இல்லன்னா அடுப்பு எப்பிடி எரியும்?”

“பாடுன்னா... கஷ்டம்தானக்கா?”

“அது உங்க ஊர்ல. இங்கன பாடுன்னா மீன்பாடு. வலையில என்ன விழுந்துச்சுன்னு கேக்கிறதுக்குத்தான் பாடு எப்பிடின்னு கேப்போம்.” பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, “ஏன், என்ன ஆச்சு?” என்றார்.

“போன வருசம் நான் கேட்டப்ப எல்லாரும் பாடு இல்லன்னு சொன்னீகளே.”

“ஆமா. பாடு இல்ல. கடல் கொதிச்சுக் கெடந்துச்சு, மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிருச்சு. மாசக்கணக்கா வெறும் வலை.”

“அதுக்கு மேல யாருமே ஒண்ணும் சொல்லலையேக்கா?”

“பாடு இல்லன்னு சொன்ன பொறகு சொல்றதுக்கு வேற என்ன இருக்கு?”

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்முன்னால் அந்த அட்டவணை ஓடியது. வள்ளக்காரர் வீடு, துன்பம் இல்லை. வள்ளக்காரர் வீடு, துன்பம் இல்லை. அத்தனை பேரும் தங்கள் துன்பத்தின் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், நான் அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அதை வாங்கிக் குடிக்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

பாயைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அல்லாவே. பாடுன்னா மீனுன்னு எனக்குத் தெரியுமே டீச்சர். எங்க தெருவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்க ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?”

“கேக்கல பாய்.” பிறகு, என் புத்தி எப்படிப் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன். “திருத்திய அட்டவணைன்னு போட்டு ஒரு மெயில் அனுப்பிருவமா? சின்னத் திருத்தம்னு எழுதிட்டா...” என்றேன்.

“பேப்பர்ல தப்பு வந்தா அழிச்சு எழுதலாம் டீச்சர். நான் கப்பல் ஏஜென்சில வேல பாத்தவன். சரக்க மாத்தி ஏத்திக் கப்பல் கிளம்பிருச்சுன்னா, போன் போட்டு வாயால சொல்லித்தான் ஆகணும். நீங்க போன் போடுங்க. நான் அந்த ரெக்கார்டையெல்லாம் தேடி எடுத்து வைக்கிறேன்.”

அங்கே மதிய உணவு நேரம். தீவம்மா உடனே எடுத்தார். காற்று இரைச்சலில் கத்திக் கத்திச் சொன்னேன். எதிரே நின்றிருந்த அக்காவுக்கு ஆங்கிலம் புரியாது, ஆனாலும் நான் திட்டு வாங்கப்போகிறேன் என்பது புரிந்துவிட்டது. போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

தீவம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

“எதிர்வரிசையில் ஒருவர் தப்புச் செய்தால் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் சொல்லுவார்” என்றார். “என் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை இருக்கிறது. நீங்கள் சொன்னதை நான் நம்பினேன், ஏனென்றால் சரிபார்க்க எனக்கு ஆள் கிடையாது. நீங்கள் தப்புச் செய்தால் அது என் நாடே செய்த தப்பாகிவிடுகிறது. இது உங்களுக்குப் புரிகிறதா?”

“புரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“மன்னிப்பெல்லாம் பிறகு. நாளைக் காலை கடைசி வாசிப்பு. அவர்கள் சொன்ன விடைகள் எல்லாம் எனக்கு வேண்டும். சொன்னபடியே, சொல்லுக்குச் சொல். உங்கள் பத்தி வேண்டாம். உங்கள் விளக்கமும் வேண்டாம்.”

“காலையில் சொன்னதைத் திரும்பப் பெற முடியுமா?”

“சின்ன நாடு சொன்ன சொல்லை மாற்றினால், அடுத்த முறை வாயைத் திறக்கும்போது எல்லோரும் காபி குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அனுப்புங்கள்” என்று வைத்துவிட்டார்.

அழுகை வந்தது. அக்கா, “யாரு, பெரிய ஆபீசரா?” என்றார். “ஆமாக்கா” என்றேன். “நம்மளப் பத்தித்தான் பேச்சா?” “ஆமா. உங்க பாட்ட நான் தப்பா எழுதிட்டேன். அதனால அந்தம்மாவுக்குத் தலகுனிவு.” அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப வெரசாப் போங்க, இங்கன ஒக்காந்திருந்தா ஆச்சா?” என்று வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

மாலை முழுவதும் பதிவுகளை மறுபடி கேட்டோம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பாய் கேட்டுச் சொன்னார், நான் தட்டினேன். ‘பாடு இல்லை’ என்பதைப் ‘பாடு இல்லை’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில், ‘வலையில் மீன் விழவில்லை’ என்று போட்டோம். போன வருடம் நான் காதில் வாங்காத சத்தங்களும் அதில் இருந்தன. “பாடே இல்ல” என்று சொல்லிவிட்டு ஒரு பெண் விட்ட பெருமூச்சு. ஒருவர் சொல்லிவிட்டு, “தண்ணி குடிக்கிறீகளா டீச்சரம்மா?” என்று கேட்கிறார். நான் உற்சாகமாக, “ரொம்ப சந்தோசம்ணே” என்கிறேன். எதற்குச் சந்தோஷம் என்று அந்த மனிதர் என்ன நினைத்திருப்பாரோ. பாய் அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்தார். இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் முழுவதையும் அனுப்பிவிட்டோம்.

மறுநாள் அந்த அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. தீவம்மா பின்னால் எழுதிய கடிதத்திலிருந்து தெரிந்ததுதான். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, “நேற்று நான் தவறாகச் சொன்னேன்” என்று தொடங்கியிருக்கிறார். எங்களுக்காகப் படிப்பவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார், அந்தக் கடற்கரையில் மீன் கிடைப்பதற்கும் பாடு என்று பெயர், அதே மொழி பேசும் பக்கத்து ஊரில் துன்பத்துக்கும் பாடு என்று பெயர் என்று விளக்கியிருக்கிறார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர், “ஒரு சொல் தப்பென்றால் மீதி அட்டவணையை எப்படி நம்புவது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். “நம்ப வேண்டாம். அவர்கள் சொன்னது எல்லாம் சொன்னபடியே இதோ இருக்கிறது, படித்துப் பாருங்கள்” என்று தீவம்மா காகிதக்கட்டைத் தலைவரின் மேசையில் வைத்தார். படித்துப் பார்க்க அங்கே நேரமில்லை. மூன்று சொற்களையும் எடுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அடைப்புக்குறியோடு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: “இனிமேல் எனக்கு முடிவுகளை அனுப்பாதீர்கள். படிக்கக் கற்றுக்கொடுங்கள். என்னிடம் படித்த இரண்டு பெண்கள் இப்போது என் அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சரிபார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால் என் கைப்பையைத் தரையில் வைத்துவிடுவேன்.”

முதலில் எனக்குச் சுருக்கென்றது. எத்தனை காலைகள் இவருக்காக ஸ்கேல் பிடித்திருக்கிறேன், ஒரு தப்புக்கு இப்படியா என்று பாயிடம் பொரிந்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார், நான் அடங்கினேன். செவ்வாய்க்கிழமைதோறும் காணொளியில் வகுப்பு என்று ஏற்பாடாயிற்று. வரைவுகளை ஒப்பிடுவது நான், அட்டவணை பாய். அந்தப் பெண்கள் இருவரும் வெகு சாதுவாக உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு ஆணிவேரைப் பிடுங்குகிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார்கள். மூன்றாவது வாரம் பாயின் அட்டவணையில் அவர்களாகவே ஒரு நெடுவரிசையைச் சேர்த்தார்கள். ‘இந்தச் சொல்லுக்குப் பொருள் யாரிடம் கேட்டது?’ என்று அதற்குத் தலைப்பு. இப்போது நாங்கள் எந்தக் கணக்கெடுப்பு செய்தாலும் அந்த நெடுவரிசை உண்டு. அதை நிரப்பாமல் பாய் எதையும் வெளியே விடுவதில்லை.

போன மாதம் அந்தப் பெண்கள் தங்கள் தீவில் தாங்களே எடுத்த கணக்கெடுப்பை எனக்கு அனுப்பினார்கள். ஓரிடத்தில் மொழிபெயர்ப்பு எனக்கு இடறியது. இப்படி இருக்காதே, இதைத் திருத்துங்கள் என்று எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: “அது சரிதான், நான்கு வள்ளக்காரர்களிடம் கேட்டுவிட்டோம்.” அதைப் படித்தபோது வந்த கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் கீழே போய் ஆளுக்கொரு தேநீர் குடித்தோம்.

பாம்பன் அக்காவை அதற்குப் பிறகு நேரில் போய்ப் பார்த்தேன். சொல்ல வேண்டிய கடமை ஒன்று பாக்கி இருந்தது. சுவரில் மகளின் படம் மாட்டியிருந்தது. அன்று நான் எழுதியது என்ன, அதனால் நடந்தது என்ன, அந்தம்மா எழுந்து நின்று சொன்னது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கடைசியில எங்க பேரு அதுல இருக்கா, இல்லையா?” என்று கேட்டார்.

“இருக்குக்கா. ஆனா அடைப்புக்குள்ள இருக்கு.”

“அடைப்புன்னா?”

வாசலில் கிடந்த குச்சியை எடுத்து மணலில் எழுதி, இரண்டு பக்கமும் கோடு போட்டுக் காட்டினேன். இன்னும் யாரும் முடிவு பண்ணவில்லை, அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள், அதிலும் முடியாவிட்டால் அதற்கடுத்ததில் என்று விளக்கினேன்.

அக்கா மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நாங்க உள்ள இருக்கோமா, வெளிய இருக்கோமா?”

சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. நோட்டு நிறையப் படிக்கட்டுச் சொற்கள் இருந்தன. ‘வாய்ப்பிருக்கிறது’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’.

“தெரியலக்கா” என்றேன்.

அக்கா எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார். “தெரியலன்னு சொல்றீகளே, அது போதும். போன தடவ தெரிஞ்சமாரியில்ல எழுதிப்புட்டீக” என்றார்.